ஈரம் கழித்த நிறை

மகள் நிறை குறைக்கத் தொடங்கிய முதல் கிழமையிலேயே இரண்டரைக் கிலோ போய்விட்டது. அதை அவள் குசினி வாசலில் நின்று சொன்னபோது நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குக் கை நின்றுவிட்டது.

“என்னம்மா, முகம் உப்பிடிப் போகுது? சந்தோசப்பட வேண்டிய விசயமெல்லே?”

“ஓம், சந்தோசம்தான். உந்த மெசின் சரியோ?”

“மெசினில பிழை பிடிக்காதேங்கோ. அது புதுசு.”

அவளுக்கு இருபது வயது. வவுனியாவுக்கு பஸ்ஸில் போய்க் கணக்கியல் படிக்கிறாள். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை என்று ஒரு வைத்தியரிடம் காட்டினோம். அவர் இரத்தம் சோதித்து, ஸ்கான் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ஆறேழு கிலோ குறைத்தால் பாதிப் பிரச்சினை தானாகச் சரிவரும் என்றார். சோற்றைக் குறை, சீனியை விடு, பின்னேரத்தில் நட என்றார். எல்லாம் நியாயமான பேச்சு. ஒன்றையும் மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் வைத்தியர் “சோற்றைக் குறை” என்று சொன்ன நேரம் நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு முப்பது வயதுகூட இராது. சண்டைக் காலத்தில் எந்த ஊரில் படித்துக்கொண்டிருந்தாரோ.

நிறை பார்க்கும் மெசினைக் கிளிநொச்சி டவுனில் வாங்கினோம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதலில் ஏறியது என் கணவர்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, குனிந்து இலக்கத்தைப் பார்த்தார்.

“இஞ்ச பாருமப்பா, இது உங்கட களஞ்சியத் தராசுக்குச் சொந்தமோ? அது குறைச்சுக் காட்டும், இது கூட்டிக் காட்டுது. ரெண்டும் கமக்காரனுக்கு எதிர்தான்.”

நான் எங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். அவர் வாய்க்கால் ஓரம் வயல் செய்கிறார். அறுவடை வந்தால் அவருடைய நெல்லையும் நான்தான் நிறுத்து எழுத வேண்டும். அந்தப் பகிடி எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு போகமும் விளையும்.

மகளுக்குக் கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. சட்டைத் தோள் வழிந்தது. அவளோடு படிக்கும் பிள்ளைகள் “என்னடி, ஆளே மாறிட்டாய்” என்று சொன்னார்களாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நான் அவள் சாப்பிடும்போது எதிரே இருந்து, கோப்பையில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது என்று பார்த்தேன். அவள் பின்னேரத்தில் படுத்திருந்தால் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன்.

ஏனென்று சொல்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பிறகு ஒரு மகன். கடைசிச் சண்டையின்போது அவளுக்கு நாலு வயது, அவனுக்கு இரண்டு கடந்திருந்தது. ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கடலோர மணலில் ஒரு தறப்பாள் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தோம். மணலைத் தோண்டினால் உவர்த் தண்ணீர் ஊறும். அதில்தான் கஞ்சி. கஞ்சி என்றால் தண்ணீருக்குள் சோறு ஆங்காங்கே தெரியும். மகன் முதலில் மெலிந்தான். விலா எலும்பை விரலால் எண்ணலாம்போல் ஆனான். பிறகு சில நாட்களில் அவனுக்குக் கன்னம் வைத்தது. கால் உருண்டது. பாதம் பொம்மென்று வந்தது. பக்கத்துத் தறப்பாளில் இருந்தவ அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவனுக்குக் கஞ்சி பிடிச்சிட்டுது, கொழுத்திட்டான் பாருங்கோ” என்றா. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பங்கையும் அவனுக்கு ஊட்டியதன் பலன் என்று நினைத்தேன். குண்டு விழுந்து ஓய்ந்த இடைவெளிகளில் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த நாட்களில் எனக்கென்று இருந்த சந்தோசம் அது ஒன்றுதான்.

காயக்காரருக்கு மருந்து கட்ட வந்த ஒரு தாதி அவனைக் கண்டு நின்றாள். ஒன்றும் கேட்காமல் குந்தி, அவனுடைய முழங்காலுக்குக் கீழே, எலும்போடு ஒட்டிய இடத்தில் தன் பெருவிரலை வைத்து அமத்தினாள். விரலை எடுத்தபோது அங்கே ஒரு பள்ளம் இருந்தது. ஈர மணலில் கால் வைத்து எடுத்ததுபோல. அது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிரம்பவில்லை.

“அக்கா, இது சதையில்லை. தண்ணி.”

உடம்புக்குப் புரதம் கிடைக்காவிட்டால் இரத்தத்துக்குள் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிந்து தோலுக்கடியில் தேங்கிவிடும் என்று சொன்னாள். முட்டையோ மீனோ பருப்போ கொடுங்கோ என்று சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவை எங்கேயும் இல்லையென்று அவளுக்கும் தெரியும்.

மகன் எங்களோடு முகாமுக்கு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு, ஒரு குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் என்னால் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச முடியாது. களஞ்சியத்துக்குத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் கதைத்துக்கொண்டே பிள்ளையின் காலைப் பிடிப்பேன். பெருவிரல் தானாகப் போய் அந்த இடத்தில் அமரும். ஒரு தரம் ஒரு இளந்தாய் “என்னக்கா தேடுறீங்கள்?” என்று கேட்டாள். “கொலுசு போடேல்லையோ எண்டு பாத்தனான்” என்று சமாளித்தேன். வயது போனவர்கள் கேட்பதில்லை. சிலர் தாங்களும் அமத்திப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மகள் இரண்டரைக் கிலோ குறைந்த கிழமையில்தான் பெரும்போக அறுவடை உச்சத்தில் நின்றது. களஞ்சிய வாசலில் நெல் மூடை ஏற்றிய உழவு மெசின்கள் வரிசையாக நிற்கும். நெல்லில் ஈரம் கூட இருந்தால் நாங்கள் எடுப்பதில்லை, அல்லது நிறையில் கழித்து எடுப்போம். கமக்காரர் சிலர் எங்கள் ஈரமானியை நம்பமாட்டார்கள். தாங்களே ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். டிக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், அவிந்ததுபோல் நசிந்தால் ஈரம். அன்று ஒரு ஐயா முதல் நாள் நாங்கள் திருப்பி அனுப்பிய நெல்லைத் தார் ரோட்டில் காயவிட்டு மறுபடி கொண்டுவந்தார். அதே மூடைகள். நிறுத்தபோது நேற்றையதைவிட நிறை குறைந்திருந்தது. மனிசன் குதித்தார்.

“ஒரு மணி நெல்லு சிந்தேல்லை தங்கச்சி! நான் பாயில படுத்துக் காவல் இருந்தனான். எங்க போச்சுது மிச்சம்?”

“ஐயா, நெல்லு குறையேல்லை. தண்ணிதான் போனது” என்றேன்.

வருடக்கணக்காக ஒவ்வொரு போகமும் சொல்லும் வசனம். அன்று அதைச் சொன்ன பிறகு என் பேனை நின்றது. ஐயா இன்னும் ஏசிக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. நல்ல காலம், சொல்லவில்லை. பைத்தியமென்று நினைத்திருப்பார்.

பிறகு மகளுடைய கிளினிக்கில் இருந்த தாதியிடமும் கேட்டேன். அவவும் அதைத்தான் சொன்னா. சோறும் மாவும் குறைந்தால் உடம்பு முதலில் தன் சேமிப்பைச் செலவழிக்கும், அந்தச் சேமிப்போடு சேர்ந்து நிற்கும் நீரும் வெளியேறும். ஆகவே முதல் கிழமையில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் கரையும். உப்புக் கூடச் சாப்பிட்டால், மாதவிலக்குக் கிட்ட வந்தால், நீர் திரும்ப நிற்கும். அதைக் கண்டு பயப்படவும் கூடாது, சந்தோசப்படவும் கூடாது.

நான் பல நாட்களுக்குப் பிறகு ஆறுதலாக மூச்சு விட்டேன். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த பாசையில் சொன்னேன்.

“நெல்லு மாதிரித்தான் பிள்ளை. பச்சை நெல்லு நிறை காட்டும். காய்ஞ்சால் இறங்கும். நீ இவ்வளவு நாளும் குறைஞ்சது ஈரம்தான். மணி அப்பிடியே இருக்குது.”

அவளுடைய முகம் விழுந்துவிட்டது.

“அப்ப நான் ஒண்டுமே குறையேல்லையோ?”

“குறைவாய். ஆறுதலாக் குறைவாய்.”

“நான் என்ன, ஈர நெல்லோ? திருப்பி அனுப்பப்போறீங்களோ?”

அவளுடைய அப்பா முற்றத்தில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தவர், “ரோட்டில காய விடுவம்” என்றார். மூவரும் சிரித்தோம். நான் அந்தச் சிரிப்போடு அந்தக் கதையை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாயாற்றில் இருக்கும் என் தங்கை ஒரு பொதி பாரைக் கருவாடு கொடுத்துவிட்டாள். மகளுக்குச் சித்தியின் கருவாடு என்றால் உயிர். நான் ஒரு நாள் பொரித்தேன், மறுநாள் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அவள் சோற்றைக் கூட்டவில்லை, கருவாட்டைத்தான் கூடச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலை மெசினில் ஏறியவள் இறங்காமல் நின்றாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். என் மனதில் முதலில் வந்ததை எழுத வேண்டும். சந்தோசம் வந்தது. பிள்ளைக்குச் சாப்பாடு பிடித்துவிட்டது என்று ஒரு குளிர்ச்சி நெஞ்சில் இறங்கியது. அவளுடைய கன்னத்தைப் பார்த்தேன், கொஞ்சம் ஊதியிருந்தது. கையை நீட்டி அதைத் தொடப் போனேன். அந்தக் கணத்தில் எனக்குக் கடல் மணம் வந்தது. கருவாட்டு மணமாக இருக்கலாம். நான் கையை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய் நின்றேன். தண்ணீரைக் கண்டு சந்தோசப்படக் கூடாது என்று கிளினிக் தாதி சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மகளுடைய நிறை மளமளவென்று இறங்கியது. அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை சாப்பிட்டாள், பருப்புச் சாப்பிட்டாள். ஆகவே நான் பயப்படாமல் இருக்கப் பழகினேன். கோப்பையை மட்டும் பார்த்தவளுக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடி திரும்பி வந்தது. கழுவித்தான் நிரப்பி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். உதடு வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பின்னேர நடைக்கு அப்பாவின் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், வேர்த்து ஊற்ற வந்தாள். கோட்டு நுளம்புக்கு என்றாள்.

ஒரு பின்னேரம் ஓட்டோ ஒன்று படலையில் வந்து நின்றது. பஸ்ஸால் இறங்கியவள் ரோட்டோரத்தில் இருந்துவிட்டாளாம், கண் இருட்டிவிட்டதாம். அதே ஓட்டோவில் ஏறி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீரே இல்லை என்று சேலைன் ஏற்றினார்கள். அங்கே இருந்த வைத்தியர் அவளிடம் கேட்டார், “தங்கச்சி, ஏன் தண்ணி குடிக்கிறேல்லை?” அவள் என்னைப் பார்த்தாள். அவர் என்னிடம், “எங்கட பக்கம் சிறுநீரக வருத்தம் கனக்கப் பேருக்கு இருக்கு. உப்பிடிக் காயவிட்டால் சிறுநீரகத்துக்குக் கூடாது. கவனம்” என்றார்.

காயவிட்டால். அவர் சாதாரணமாகச் சொன்ன சொல். நாங்கள் நெல்லுக்குச் சொல்லும் சொல்.

மறுநாள் வீட்டில் அவள் எழும்பியதும் மெசினில்தான் ஏறினாள். ஏற்றிய சேலைன் எல்லாம் இலக்கமாக நின்றது. அவள் அழுதாள். நான் ஒரு பெரிய பேணியில் செவ்விளநீர் கொண்டுவந்து நீட்டினேன். தள்ளிவிட்டாள். மத்தியானமும் தண்ணீர் குடிக்கவில்லை. பின்னேரம் நான் அவளுடைய கட்டிலில் போய் இருந்தேன்.

“குடி பிள்ளை. வைத்தியர் சொன்னது கேட்டதெல்லே?”

“நீங்கள்தானே சொன்னீங்கள்.”

“நான் என்ன சொன்னனான்?”

“பச்சை நெல்லு, காய்ஞ்ச நெல்லு எண்டு. ஈரத்தைக் கழிச்சால்தான் உண்மையான நிறை எண்டு. நான் உண்மையான நிறையைத்தான் பாக்க விரும்பினனான்.”

“உனக்கு விசரோடி? நெல்லு களஞ்சியத்தில கிடக்கிறதுக்குக் காயவைக்கிறது. அதுக்கு உயிர் வேண்டாம். நீ நடந்து திரியிற ஆள்.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?”

“நீ குறையேல்லை எண்டு எனக்கே சொல்லிக்கொண்டனான்.”

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்க வழியில்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “என்னால ஏலாது அம்மா” என்றாள். “எங்கட பரம்பரையே அப்பிடித்தான். நீங்கள் குண்டு, சித்தி குண்டு. தம்பியும் குண்டன்தானே.”

அவளுக்குத் தம்பியைப் பற்றி இருக்கும் ஞாபகம் அது ஒன்றுதான். படம் ஒன்றும் எங்களிடம் மிஞ்சவில்லை. சின்ன வயதில் இருந்தே சொல்வாள், தம்பி நல்ல குண்டன், கன்னம் பந்து மாதிரி, அவனைத் தன் மடியில் வைத்திருந்தபோது பாரமாக இருந்தது என்று. பள்ளிக்கூடத்தில் தம்பியை வரையச் சொன்னபோது ஒரு வட்டம் கீறி, அதற்குள் இன்னும் ஒரு வட்டம் கீறிக்கொண்டு வந்தாள். நான் ஒரு நாளும் திருத்தவில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், அவன் பசியில்லாமல் இருந்தான். அதை அவளிடம் இருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய அப்பாவும் அந்தப் பேச்சு வந்தால் எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

பேணி என் கையில் இருந்தது. அவளுடைய வெடித்த உதடு எனக்குத் தெரிந்தது. அந்தக் குண்டுத் தம்பியையோ இவளையோ, இனி ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்று பட்டது.

“தம்பி குண்டன் இல்லை” என்றேன்.

“எனக்கு ஞாபகம் இருக்குதம்மா.”

“உனக்கு ஞாபகம் இருக்கிறது தண்ணி.”

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன். கஞ்சியையும் பாதத்தையும் பக்கத்துத் தறப்பாளில் இருந்தவவையும் தாதியையும் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. முன்னுக்குப் பின் மாறியிருக்கும். நடுவில் அவளுடைய காலைப் பிடித்து, அந்த இடத்தில் என் பெருவிரலை வைத்து அமத்தினேன். எடுத்ததும் தோல் உடனே எழும்பியது. வெள்ளையாக ஒரு அடையாளம், அதுவும் மறைந்தது.

“அவனுக்கு இது எழும்பேல்லை” என்றேன்.

அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானே தன் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். மற்றக் காலிலும் பார்த்தாள். அழவில்லை. ஆத்திரப்பட்டதுபோல் இருந்தது. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்ப தம்பி எப்பிடி இருந்தவன்?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு அந்தக் கன்னம்தான் வந்தது. அந்த ஊதிய கண்மடல், மினுங்கிய தோல். அதற்கு முன்னால் அவன் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் வளர்ந்தவன், தவழ்ந்தவன், விழுந்தெழும்பி நடந்தவன். அந்த முகத்தைத் தேடினால் தண்ணீர்தான் முன்னுக்கு வந்து நின்றது. பதினாறு வருடமாக மகளுடைய ஞாபகத்தைத்தான் நான் பிழையென்று வைத்திருந்தேன். என்னுடையதும் அதேதான்.

“சொல்லுங்கோ அம்மா.”

“காது ரெண்டும் வெளியால நிக்கும்” என்றேன். அது வந்தது. “மெலிஞ்ச முகம். நாடி கூர். குளிக்க வார்த்தால் தலைமயிர் ஒட்டிப்போய், காது மட்டும்தான் தெரியும்.”

“வேற?”

“முதல் குடி.”

அவள் பேணியை வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். மெசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னும் ஒரு மிடறு.

“வேற?”

நான் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பயமாக இருந்தது. அப்போது கதவு நிலையில் அவளுடைய அப்பா நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியாது. கையில் சேறு காய்ந்திருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நடக்கேக்க இடது கால் உள்ளுக்குத் திரும்பும். ஓடினால் தட்டுப்பட்டு விழுவான். விழுந்திட்டு, தள்ளினது நிலமெண்டு நிலத்துக்கு அடிப்பான்.”

அதை நான் மறந்திருந்தேன். முற்றாக மறந்திருந்தேன். அவர் சொன்னதும் அந்தச் சின்னக் கை நிலத்தில் பட்ட சத்தம் வந்தது.

மகள் பேணியைக் கீழே வைக்காமல், “அதுக்குப் பிறகு?” என்று அப்பாவைக் கேட்டாள். அவர் உள்ளே வந்து, கட்டில் அழுக்காகும் என்று நிலத்தில் இருந்தார். மாடு கத்தியது. அவர் எழும்பிப் போகவில்லை.